இடையறாது இயங்கும் கணினிகள்

நுழையும்முன்

பழுதடையாத கணினி என ஒன்று இல்லை. ஆயினும் கணினி பழுதுற்ற வேளையிலும் பயணச்சீட்டுச் சாளரமோ தொழிற்சாலை வாயிலோ ஊதியப் பட்டியலோ நின்றுவிடக் கூடாது என்பது இக்காலத் தேவை. ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளை ஓர் அமைப்பாகப் பிணைத்து, அவற்றின்மேல் நிறுவனத்தின் மென்பொருளையும் தரவுத்தளத்தையும் நிறுவும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

வாயிலில் நிற்கும் வண்டி

சென்னைக்கு மேற்கே அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் அமைந்த ஊர் திருமுல்லைவாயில். சுந்தரர் பாடிய மாசிலாமணீசுவரர் கோயிலால் பழம்பெருமை பெற்றது. 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டிப் பாதை இவ்வூர் வழியாகவே செல்கிறது. கிழக்கே, 1964இல் தொடங்கப்பெற்ற அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. மேற்கே, ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலை. ஊரிலேயே சிட்கோ நிறுவனத்தின் மகளிர் தொழிற்பேட்டை. பெருந்தொழிற்சாலைகளுக்கு வேண்டிய சிறு உதிரிப் பாகங்களைச் செய்து தரும் பட்டறைகள் இப்பகுதியெங்கும் உள்ளன.

அத்தகைய பட்டறை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கடைசல் பிடித்து முடித்த இரும்புப் பாகங்கள் பெட்டிகளில் அடுக்கப்பட்டுச் சிறு சரக்கு வண்டியில் பெருந்தொழிற்சாலைக்குச் செல்கின்றன. வாயிலில் இருப்பவர் வண்டியை நேரே உள்ளே விடுவதில்லை. சலான் எண்ணைக் கணினியில் இடுகிறார். அதற்குரிய கொள்முதல் ஆணை உள்ளதா, எத்தனை பாகங்கள் கேட்கப்பட்டுள்ளன என்பவற்றைக் கணினி சரிபார்த்த பின்னரே கதவு திறக்கும். தரச்சோதனை முடிந்ததும் பாகங்களின் எண்ணிக்கை கிடங்குக் கணக்கிலும், பட்டறைக்குத் தரவேண்டிய தொகை நிதிப்பிரிவின் கணக்கிலும் தாமாகவே ஏறிவிடும். கணினி நின்றுவிட்டால் கதவு திறக்காது, வண்டி சாலையோரம் காத்துக் கிடக்கும், வாடகை ஏறும். பழுது தொழிற்சாலையினுடையது, இழப்பின் முதற்பங்கு பட்டறையினுடையது.

கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, விற்பனை, ஊதியம், நிதி என ஒரு நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளையும் ஒரே தரவுத்தளத்தில் இணைக்கும் இத்தகைய மென்பொருளை 'நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருள்' என்பர், வழக்கில் ஈ.ஆர்.பி. எனப்படும். 1972இல் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய பொறியாளர் ஐவர் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனம் இத்துறையில் உலகப் புகழ் பெற்றது. சென்னையும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. இராம்கோ குழுமத்தில் 1992இல் ஆய்வுப் பிரிவாக முளைத்து, 1997இல் தனி நிறுவனமான இராம்கோ சிஸ்டம்ஸ், 'மார்ஷல்' என்னும் பெயரில் இவ்வகை மென்பொருளைச் சென்னையிலேயே உருவாக்கியது. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் ஊதியம் வழங்கும் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதன் கைப்பேசிச் செயலிக்குக் 'களஞ்சியம்' என்று பெயர்.

எல்லாம் ஒரே இடத்தில் இணைந்திருப்பது இம்மென்பொருளின் வலிமை. அதுவே அதன் வலுக்குறையும் ஆகும். கையால் எழுதிய காலத்தில் கிடங்கின் பேரேடு தொலைந்தால் கிடங்கு மட்டுமே தடுமாறியது. இன்றோ ஒரு தரவுத்தளம் நின்றால் நிறுவனம் முழுதும் நிற்கிறது.

ஒரே படுக்கை, இரண்டு பயணிகள்

திருமுல்லைவாயிலில் புறநகர்த் தொடர்வண்டி ஏறிச் சென்னைக்குச் செல்வோர் இறங்குமிடம் மூர் மார்க்கெட் வளாகம். தெற்கு இரயில்வேயின் கணினிவழி முன்பதிவு மையமும் அங்கேதான் இருக்கிறது. இடையறாது இயங்கவேண்டிய கணினிக்கு இந்நாட்டில் இதைவிட எளிதில் விளங்கும் சான்று இல்லை.

முன்பதிவுப் பணி 1986இல் தில்லியில் கணினிமயமானது. அடுத்த சில ஆண்டுகளில் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய இடங்களிலும் மையங்கள் எழுந்தன. தொடக்கத்தில் அவை தனித்தனித் தீவுகளாகவே இருந்தன. கிரிஸ் எனப்படும் இரயில்வே தகவல் அமைப்புகள் மையம் உருவாக்கிய 'கன்சர்ட்' என்னும் மென்பொருள் 1994இல் செகந்திராபாத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் ஒரே வலையமைப்பாயின. அதன்பின் தில்லியில் புறப்படும் வண்டிக்கும் சென்னைச் சாளரத்திலேயே சீட்டுப் பெற முடிந்தது. சென்னையில் எழும் அக்கேள்வி தில்லிக் கணினிக்குச் சென்று, விடையோடு திரும்பும்.

சாளரத்தில் ஒருவர் பணம் கொடுத்துவிட்டார், எழுத்தர் விசையைத் தட்டிவிட்டார், சீட்டு அச்சாகவில்லை, அந்நொடியில் கணினி நின்றுவிட்டது. படுக்கை அவருக்கு ஒதுக்கப்பட்டதா, இல்லையா? இவ்வினாவுக்கு ஐயமற்ற விடை தருவது தரவுத்தளத்தின் கடமை.

கணக்குப்பதிவியல் பயிலும் மாணவர்க்கு இதன் விடை புதிதன்று. நடவடிக்கை நிகழ்ந்தவுடன் அதனை முதலில் குறிப்பேட்டில் எழுதுகிறோம். பின்னரே பேரேட்டுக்கு எடுத்துச் செல்கிறோம். தரவுத்தளமும் அவ்வாறே ஒவ்வொரு மாற்றத்தையும் தன் குறிப்பேட்டில் வரிசையாக எழுதி முடித்த பிறகே 'நிறைவேறியது' என விடையிறுக்கும். இடையில் மின்சாரம் நின்றாலும், மீண்டெழுந்ததும் குறிப்பேட்டைப் படித்து, நிறைவேறியவற்றைப் பேரேட்டில் ஏற்றும். பாதியில் நின்றவற்றை நீக்கும். எனவே, குறிப்பேடு எந்தச் சேமிப்பகத்தில் இருக்கிறதோ அதனை இரண்டாவது கணினி ஒன்றும் படிக்கும்படி அமைத்துவிட்டால், முதற்கணினி நின்றதும் மற்றது அப்பணியை ஏற்கலாம். இதுவே உயர்கிடைப்பு அமைப்பின் அடிப்படை. இவ்வாறு பிணைக்கப்பட்ட கணினிகளைச் 'சேவையகக் கொத்து' என்பர். 'கிளஸ்டர்' என்பது பேச்சுவழக்கு.

அமெரிக்காவின் டேண்டம் நிறுவனம் ஓர் உறுப்புப் பழுதுற்றாலும் நில்லாத கணினியை 1976இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் பல கணினிகளைப் பிணைக்கும் 'வாக்ஸ் கிளஸ்டர்' முறையை 1983இல் அறிவித்தது. இந்திய இரயில்வேயின் முன்பதிவு அமைப்பு நெடுங்காலமாக ஊன்றி நின்றது இக்கணினிக் குடும்பத்தின் மீதுதான்.

இரண்டு கணினிகள் இருந்தால் சிக்கல் தீர்ந்தது என்றே பலரும் எண்ணுவர். உண்மையில், கடினமான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கொத்திலுள்ள கணினிகள் ஒன்றுக்கொன்று நொடிதோறும் 'இருக்கிறேன்' என்று குறிப்பு அனுப்பிக்கொண்டிருக்கும். இதனை 'இதயத்துடிப்பு' என்பர். துடிப்பு வராவிட்டால் மற்றது இறந்தது என்று பொருள்கொண்டு, உயிரோடிருக்கும் கணினி பொறுப்பேற்கும். ஆனால், மற்றது இறக்கவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது என்ன நேரும்? ஒவ்வொன்றும் 'மற்றது போய்விட்டது, இனி நானே தலைமை' என்று முடிவு செய்யும். இரண்டும் ஒரே சேமிப்பகத்தில் ஒன்றையொன்று அறியாமல் எழுதத் தொடங்கும். ஐந்தாம் பெட்டியின் 23ஆம் படுக்கையை ஒன்று மதுரைப் பயணிக்கும் மற்றொன்று திண்டுக்கல் பயணிக்கும் விற்றுவிடும். கணினி நின்றுபோனால் சாளரத்தில் வரிசை நீளும், அவ்வளவே. இரண்டு தலைமைகள் எழுந்தாலோ எந்தச் சீட்டு உண்மை என்பதே தெரியாமற் போகும், தரவுத்தளமே சிதையும். இதனைப் 'பிளவுண்ட மூளை' என்று கணினித் துறையினர் அஞ்சிப் பேசுவர். அச்சம் மிகையன்று.

இதற்கான தீர்வு நம் ஊர்க் கூட்டங்களுக்குப் பழக்கமானது. கிராம சபைக் கூட்டத்திற்குக் குறைவெண் வரம்பு உண்டு. அவ்வெண்ணிக்கையில் மக்கள் வராவிட்டால் அங்கு எடுக்கும் முடிவு செல்லாது. சேவையகக் கொத்திலும் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வாக்கு உண்டு. மொத்த வாக்குகளில் பாதிக்கு மேல் யாரிடம் உள்ளதோ அவரே இயங்கலாம்; மற்றவர் தாமாகவே ஒடுங்கவேண்டும். இரண்டே கணினிகள் இருந்தால் வாக்குகள் ஒன்றுக்கொன்று சமமாகிவிடும். ஆகவே மூன்றாவதாக ஒரு சிறு கணினியோ, வாக்குக்கென ஒதுக்கிய ஒரு வட்டோ தேவை. அது எந்தப் பணியும் செய்யாது. வாக்களிக்க மட்டுமே இருக்கும். செலவைக் குறைக்க எண்ணுவோர் முதலில் கைவைப்பது இந்த மூன்றாவது வாக்கின்மீதுதான் என்பது வருந்தத்தக்கது.

அதனினும் கடுமையான ஏற்பாடு ஒன்றுண்டு. பொறுப்பேற்கும் கணினி, பழைய கணினி இறந்துவிட்டதாக நம்பினால் மட்டும் போதாது. அது இறந்ததை உறுதிசெய்யவேண்டும். எனவே, முதலில் பழைய கணினியின் மின்னிணைப்பைத் துண்டிக்கும். பின்னரே அதன் பணியைத் தொடங்கும். இதற்கு 'வேலியிடுதல்' என்று பெயர். வேலியிட இயலவில்லையெனில் பொறுப்பேற்காமல் காத்திருப்பதே முறை.

தெரிந்து தெளிவோம்

ஓர் அமைப்பு ஆண்டில் 99.9 விழுக்காடு இயங்கும் என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் நின்றிருக்கும் என்பது பொருள். 99.99 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 53 நிமிடம், 99.999 விழுக்காடு என்றால் 5 நிமிடத்திற்குச் சற்று மிகுதி. ஒவ்வொரு 9 கூடும்போதும் செலவும் பன்மடங்காகப் பெருகும்.

நிறுவும் முறை

இனி, ஒரு தொழிற்சாலையின் ஈ.ஆர்.பி. மென்பொருளை இத்தகைய கொத்தில் நிறுவுவது எவ்வாறு எனக் காண்போம். மென்பொருளைத் தொடுவதற்கு முன்பே வேலையில் பெரும்பகுதி முடிந்திருக்கவேண்டும். இரண்டு கணினிகளும் ஒரே வகையினவாய், ஒரே இயங்குதளப் பதிப்பு உடையனவாய் இருத்தல் நன்று. இரண்டையும் வெவ்வேறு அடுக்குகளில் வைத்து, வெவ்வேறு மின்பாதைகளிலிருந்து மின்சாரம் தரவேண்டும். சேமிப்பகத்திற்கு இரண்டு வழிகள், வலையமைப்புக்கு இரண்டு வழிகள் வேண்டும். இரண்டு கணினிகளின் கடிகாரங்களும் ஒத்திருக்கவேண்டும். மென்பொருளை இயக்கும் பயனர்க்குரிய அடையாள எண் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கவேண்டும். முதற்கணினியில் 1001 என்றிருந்து இரண்டாவதில் 1002 என்றிருந்தால், பொறுப்பு மாறும் வேளையில் கோப்புகள் தமக்குரியன அல்ல என்று இரண்டாவது கணினி திகைத்து நிற்கும். மிகச் சிறிய பிழை. பல மணி நேரம் தேடினாலும் எளிதில் அகப்படாது.

அடுத்தது பெயர். பள்ளிக்கு மடல் எழுதுவோர் 'தலைமையாசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளி' என்று முகவரி இடுவர். தலைமையாசிரியர் மாறினாலும், விடுப்பில் இருந்து வேறொருவர் பொறுப்பு வகித்தாலும், மடல் உரியவரைச் சேரும். ஆளின் பெயரிட்டு எழுதியிருந்தால் அவர் மாறுதலாகிச் சென்ற ஊருக்குப் போயிருக்கும். கொத்திலும் அவ்வாறே. மென்பொருளை ஒரு கணினியின் சொந்தப் பெயரில் நிறுவக் கூடாது. எந்தக் கணினி பொறுப்பில் இருக்கிறதோ அதனோடு சேர்ந்து நகரும் 'பதவிப் பெயர்' ஒன்றையும் இணைய முகவரி ஒன்றையும் முதலில் உருவாக்கி, அப்பெயரிலேயே நிறுவவேண்டும். சொந்தப் பெயரில் நிறுவிவிட்டுப் பின்னர்த் திருத்த முயல்வோர் பலர். அவ்வாறு செய்வதைவிட முதலிலிருந்து மீண்டும் நிறுவுவது எளிது.

அதன்பின் தரவுத்தளம். முதற்கணினியில் நிறுவி இயக்கிப் பார்த்து, இரண்டாவதில் காத்திருப்பு நிலையில் அமைப்பர். இரண்டும் ஒரே சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை ஒன்று; குறிப்பேட்டின் ஒவ்வொரு வரியும் மறுகணினிக்கும் அனுப்பப்பட்டு அங்குத் தனிப்படி ஒன்று உருவாகும் முறை மற்றொன்று.

தரவுத்தளத்தோடு வேலை முடிவதில்லை. கொள்முதல் ஆணை ஒன்றை ஓர் எழுத்தர் திருத்திக்கொண்டிருக்கும்போது, அதே ஆணையை வேறொருவர் திருத்தாதபடி மென்பொருள் அதனைப் பூட்டிவைக்கும். எந்தெந்த ஆவணம் யாரால் பூட்டப்பட்டுள்ளது என்னும் பட்டியல் கணினியின் நினைவகத்தில் இருக்கிறது, வட்டில் எழுதப்படுவதில்லை. அக்கணினி நின்றால் பட்டியலும் மறையும். இருவர் ஒரே ஆணையைத் திருத்தும் நிலை வரும். எனவே பூட்டுப் பட்டியலின் படி ஒன்றை எப்போதும் மற்றக் கணினியின் நினைவகத்தில் வைத்திருப்பர். முதற்கணினி வீழ்ந்ததும் பூட்டுச் சேவை, படி இருக்கும் கணினியிலேயே எழுந்து, பட்டியலைப் பெற்றுக்கொண்டு பணியைத் தொடரும்.

பயனர்களின் வேலையைச் செய்யும் பயன்பாட்டுச் சேவையகங்கள் இதனினும் எளியவை. அவற்றை மூன்றோ நான்கோ நிறுவிவிட்டால், ஒன்று நின்றாலும் மற்றவை வேலையைப் பகிர்ந்துகொள்ளும். சில மென்பொருள்களில் உரிமத் திறவுகோல் கணினியின் வன்பொருளோடு பிணைந்திருக்கும். இரண்டு கணினிகளுக்கும் தனித்தனியே திறவுகோல் பெற்றிருக்கவேண்டும். இல்லையெனில் பொறுப்பு முறையாக மாறியும் பயனர் எவரும் உள்ளே நுழைய முடியாத விந்தை நிகழும்.

வேண்டுமென்றே வீழ்த்துதல்

நிறுவி முடித்த கொத்தினை வேண்டுமென்றே வீழ்த்திப் பார்க்கவேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் கணினியின் மின்கம்பியைப் பிடுங்க வேண்டும். வலையமைப்புக் கம்பியைக் கழற்ற வேண்டும். தரவுத்தளச் செயல்முறையை நடுவில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மற்றது எழுந்ததா, எத்தனை நொடியில் எழுந்தது, நிறைவேறிய பதிவு ஏதேனும் தொலைந்ததா எனக் குறித்துக்கொள்ள வேண்டும். சோதிக்கப்படாத கொத்தினைக் கொத்து என்று அழைப்பதே தகாது.

2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40 மணிக்கு வணிகம் நின்றது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தும், வழியில் நடந்த சாலைப் பணியால் இரண்டுமே பாதிக்கப்பட்டன எனச் சந்தை விளக்கியது. சேமிப்பக அமைப்பும் எதிர்பார்த்தபடி செயற்படவில்லை. பிற்பகல் 3.45 மணிக்கே வணிகம் மீண்டது. அன்று மாலை 5 மணிவரை நீட்டிக்கப்பட்டது. அதனையடுத்து, இடர் நேர்ந்தால் 30 நிமிடத்திற்குள் அதனை அறிவித்து, அறிவித்த 45 நிமிடத்திற்குள் மாற்று மையத்திலிருந்து இயங்கவேண்டும் எனச் செபி விதித்தது. 2024 மார்ச் 2, மே 18 ஆகிய சனிக்கிழமைகளில் சந்தையைத் திறந்து, முதற்பகுதி வணிகத்தை முதன்மை மையத்திலும் அடுத்த பகுதியை மாற்று மையத்திலும் நடத்திப் பார்த்தனர். வேண்டுமென்றே வீழ்த்திப் பார்ப்பதன் நாடளாவிய வடிவம் அது.

இரண்டு கம்பிகள் இருப்பது வேறு, அவை இரண்டு வழிகளில் செல்வது வேறு. ஒவ்வொன்றும் நூற்றில் ஒருமுறை நிற்கக்கூடிய இரண்டு கணினிகள் ஒருசேர நிற்பது பதினாயிரத்தில் ஒருமுறைதான் என்று கணக்கு சொல்லும். ஆனால் அக்கணக்கு, ஒன்றின் வீழ்ச்சிக்கும் மற்றொன்றின் வீழ்ச்சிக்கும் தொடர்பில்லாதபோதே பொருந்தும். ஒரே தளத்தில் வைத்த இரண்டு கணினிகளையும் ஒரே வெள்ளம் மூழ்கடிக்கும்.

2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்தைச் சென்னை மறக்கவில்லை. கைப்பேசிக் கோபுரங்களும் பணம் வழங்கும் இயந்திரங்களும் செயலற்றுப் போயின. 1878இல் தொடங்கப்பெற்ற 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு, டிசம்பர் 2 அன்று முதன்முறையாக அச்சாகவில்லை. மறைமலை நகரிலிருந்த அச்சகத்திற்குப் பணியாளர்கள் சென்று சேர முடியாததே காரணம். இயந்திரத்தைப் போல மனிதரும் அமைப்பின் ஓர் உறுப்பே என்பதைத் திட்ட வரைபடங்கள் காட்டுவதில்லை.

ஆகவேதான் தொலைவில் மற்றொரு மையம் தேவையாகிறது. தமிழ்நாடு அரசின் தரவு மையம் சென்னைப் பெருங்குடியிலும், இடர்மீட்பு மையம் திருச்சிராப்பள்ளியிலும் உள்ளன. தொலைவுக்கும் ஒரு விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே போய்வர ஏறத்தாழ 660 கிலோமீட்டர் என்று கொண்டால், ஒளிக்கே ஆயிரத்தில் மூன்று நொடிக்கு மேல் ஆகும். ஒருமுறை என்றால் பொருட்டன்று. ஒவ்வொரு பதிவும் அங்கிருந்து விடை வரும்வரை காத்திருந்தால் அமைப்பே மந்தமாகும். எனவே அருகிலுள்ள படியை உடனுக்குடனும், தொலைவிலுள்ள படியைச் சற்றுப் பின்தங்கியும் எழுதுவதே பெருவழக்கு. தொலைமையத்துக்கு மாறநேர்ந்தால் கடைசிச் சில நொடிகளின் பதிவுகள் தொலையக்கூடும். எத்தனை நொடிகளை இழக்கலாம் என்பதை முடிவு செய்யவேண்டியவர் பொறியாளர் அல்லர், அந்நிறுவனத்தின் பொறுப்பாளர்.

படிகள் பல இருப்பதால் காப்புநகல் வேண்டியதில்லை என்று கருதுவது பெரும்பிழை. எழுத்தர் ஒருவர் தவறுதலாக ஓராண்டுக் கணக்கை அழித்துவிட்டால், அந்த அழிப்பும் நொடிப்பொழுதில் எல்லாப் படிகளிலும் பிழையின்றி நிறைவேறும். அதனால் நாள்தோறும் தனியாக எடுத்துப் பிரித்து வைத்த காப்புநகலுக்கு மாற்று எதுவும் இல்லை. அந்நகலிலிருந்து தரவை மீட்டுப் பார்க்கும் பயிற்சியும் உடன் வேண்டும்.

இத்தனை ஏற்பாடும் எல்லார்க்கும் தேவையா என்னும் வினா எழலாம். முதலில் கண்ட பட்டறைக்கு இது தேவையில்லை. பத்துப்பேர் பணிபுரியும் இடத்தில், பேணத் தெரிந்தவர் இல்லாமல் அமைத்த கொத்து ஒற்றைக் கணினியைவிட மிகுதியாகத் தொல்லை தரும். நல்ல கணினி ஒன்று, மின்தடையைத் தாங்கும் மின்கலம் ஒன்று, நாள்தோறும் எடுத்து வேறிடத்தில் வைக்கும் காப்புநகல் ஒன்று ஆகியன அங்குப் போதும். அவர்கள் பாகங்களை அனுப்பும் தொழிற்சாலையின் நிலை வேறு. அங்கு ஒரு கணினி நிற்கும்போது வாயிலில் நிற்பது ஒரு வண்டியன்று. அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் திருமுல்லைவாயிலிலிருந்தும் வந்த வண்டிகள் அனைத்தும் சாலையில் வரிசையாக நிற்கின்றன.